பிணத்துச் சாமான் வண்டி

நம் அருங்காட்சியகத்தின் நடமாடும் கண்காட்சி வண்டிக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு என் பெயர் தெரியாவிட்டாலும் பட்டப்பெயர் தெரிந்திருக்கும். 'லேபிள் அம்மா' என்பார்கள். ஒரு பொருளுக்குப் பக்கத்தில் வைக்கிற சீட்டில் ஒரு சொல் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. நகல் என்றால் 'நகல்' என்று எழுதியாக வேண்டும். உத்தேசம் என்றால் 'உத்தேசம்' என்று இருக்க வேண்டும். அமைச்சர் வந்து திறந்து வைக்கிற நேரத்தில் குறுக்கே போய்ச் சீட்டை மாற்றியவள் நான். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அப்படிப்பட்டவள், ஜவ்வாது மலையில் ஒரு ஊரே கூடியிருந்த இடத்தில், உண்மை நாக்கு நுனியில் இருக்க, வாயைத் திறக்காமல் நின்றேன். சீட்டு எழுத உங்களுக்கு வேறு யாராவது கற்றுக்கொடுத்துவிடுவார்கள். இதைச் சொல்லித்தர ஆள் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

நம் வண்டியில் போன கண்காட்சிகளிலேயே என் மனதுக்கு நெருக்கமானது பழைய எகிப்தின் காவல் சின்னங்கள். அத்தனையும் நகல்கள். நம் வார்ப்புக்கூடத்தில் பாரிஸ் சாந்தில் வார்த்து வண்ணம் தீட்டியவை. ஆனாலும் அவற்றைப் பிரித்து அடுக்கும்போதெல்லாம் அந்த மக்களின் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு பயத்துக்கும் தனித்தனியாகக் காவல் வைத்தவர்கள் அவர்கள். இறந்தவரின் உடலைப் பதப்படுத்த இடுப்புக்கு மேலே கீறுவார்கள். அந்தக் கீறல் வழியாகத் தீயது எதுவும் நுழையக் கூடாதென்று அதன்மேல் ஒரு கண்ணை வைத்தார்கள். நெஞ்சின் மேல் கல்லில் செய்த வண்டு. மேலுலகத் தீர்ப்பு நாளில் தன் இதயமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று அதன் அடியில் எழுதி வைப்பார்கள். எவ்வளவு விவரம் தெரிந்த மனிதர்கள், பாருங்கள். வெளியே இருக்கிற பேயைவிடத் தன் நெஞ்சுக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார்கள்.

உயிரோடு இருக்கிறவர்களுக்கும் காவல் உண்டு. பிள்ளை பெறப் போகிறவளுக்காக ஒரு தெய்வம்: நீர்யானை உடம்பு, சிங்கத்தின் கால், முதலையின் முதுகு, பெரிய வயிறு, தொங்கும் மார்பு, திறந்த வாய். பார்த்தால் அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிரசவ அறைக்கு வெளியே யாரைக் காவலுக்கு நிறுத்துவீர்கள், அழகியையா? அப்புறம் ஒரு கயிற்று வளையம். முனை தெரியாமல் சுற்றி முடிந்த கயிறு. அதற்குள் இருப்பது பத்திரம் என்று அர்த்தம். அரசர்களின் பெயரைக்கூட அப்படி ஒரு கயிற்று வளையத்துக்குள்தான் எழுதினார்கள். தாலியும் காப்பும் அரைஞாணும் கட்டுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மலையூர்ப் பள்ளிக்கு இந்தக் கண்காட்சியை அழைத்தவர் அங்கே அறிவியல் எடுக்கும் தேவகி டீச்சர். அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் ஓசூரில் கம்பெனி வேலை. இவர் மாமியாரோடு ஊரில் இருந்தார். நிறைமாதம் ஆகவில்லை, எட்டாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை என்பதை அவரே போனில் சொல்லியிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்ததற்கு முந்தின நாள்தான் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். திருவிழா முடிகிற வரை, காப்பின்போது ஊரில் இருந்த யாரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. வெளியாள் பகலில் வந்து போகலாம், தங்க முடியாது. தீட்டு உள்ளவர்கள் ஊருக்குள் இருக்கவே கூடாது. மாதம் நிறைந்த பெண்களைக் காப்புக்கு முன்பே வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தேவகிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அனுப்பவில்லை. ஊரைச் சுற்றி ஒரு கயிற்று வளையம் போட்டது போலத்தான், எனக்கு அப்படியே எகிப்து நினைவுக்கு வந்தது. தேவகியிடம் சொன்னேன், சிரித்தார்.

காலையில் பள்ளியின் ஒரு அறையில் எல்லாவற்றையும் அடுக்கினோம். பிள்ளைகள் தாயத்துகளை இடம் பார்த்து வைத்துப் பழக, மரச் சட்டத்தில் துணி சுற்றிய ஆளுயர பொம்மை ஒன்று நம்மிடம் உண்டு. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தேவகி ஒரு பக்கம் தூக்கிவந்தார். வண்டை அதன் நெஞ்சில் வைத்ததும் அவர்தான். சீட்டுகளையும் அவரே ஒட்டினார். ஜன்னலில் பிள்ளைகளும் தண்ணீர் எடுக்கப் போகிற பெண்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் புதைந்து, பக்கத்தில் சதை பிதுங்கி நின்றது. முகம் உப்பியிருந்தது. அடிக்கடி நெற்றியை அழுத்திக்கொண்டார்.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா வலிக்குது மேடம். கண்ணு முன்னால மினுக்கு மினுக்குன்னு பூச்சி மாதிரி பறக்குது. நர்சம்மா வந்து பாத்தாங்க. பிரஷர் ரொம்ப ஏறிக்கீது, ஒடனே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு போய் சேர்ந்துடுன்னாங்க."

"அப்புறம் ஏன் இங்க நிக்கறே?"

"காப்பு கட்டிட்டாங்களே" என்றார். அறிவியல் டீச்சர்தான். பிரஷர் என்றால் என்ன, அது பிள்ளையை என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். தெரிந்ததை வைத்துக்கொண்டு வீட்டை எதிர்க்க எல்லாராலும் முடிவதில்லை.

சற்று நேரத்தில் மாமியார் கேரியரில் சோறு கொண்டுவந்தார். இறுகிய முகம், கெட்டியான உடம்பு. மருமகளை வைகிற குரலில்தான் கொஞ்சுகிறவர் என்று முதல் வார்த்தையிலேயே புரிந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து, என் வண்டியிலேயே இப்போதே கொண்டுபோய்விடுகிறேன் என்றேன்.

"நர்சம்மா 108-ஐ கூப்புடறேன்னுச்சு, வாணாம்னுட்டேன். நீங்க வண்டின்றீங்க. தலச்சன் புள்ளைய வாரிக் குடுத்த வூடும்மா இது. இந்தத் தபா பொங்க வெக்கிறேன்னு ஆத்தாளுக்கு நேந்துக்கினுகீறேன். காப்ப மீறி எல்லைய தாண்டி ராத்தங்கினா அவ சும்மா இருப்பாளா? அந்தப் புள்ளைய காப்பாத்தத்தாம்மா நான் வாணான்றது."

அந்த அம்மாவும் நானும் ஒரே பிள்ளையைத்தான் காப்பாற்றப் பார்த்துக்கொண்டிருந்தோம். வளையம் வெளியே இருந்து வருவதைத் தடுக்கும். ஆபத்து வளையத்துக்குள்ளேயே, அந்தப் பெண்ணின் இரத்தத்திலேயே இருந்தால் வளையம் என்ன பண்ணும்?

அந்த நேரம் பார்த்து எங்கள் வண்டி ஓட்டுநர் தணிகாசலத்தின் குரல் மைக்கில் வந்தது. நல்ல மனிதர், மைக் கையில் கிடைத்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். 'பண்டைய எகிப்தியரின் காவல் சின்னங்கள்' என்று நான் எழுதிக் கொடுத்ததைப் படித்தால் ஈ காக்கைகூட வராது என்று அவராகவே முடிவு பண்ணியிருக்கிறார்.

"தாய்மார்களே, பெரியோர்களே. எகிப்து ராசாக்களோட பொணத்து மேல வெச்ச தாயத்து, மந்திரக்கண்ணு, பொணவண்டு எல்லாம் உங்க ஊருக்கே வந்துகீது. அனுமதி இலவசம்."

காப்புக் கட்டிய ஊர் எல்லையைச் சுற்றி வந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமியார் அப்போதுதான் துணி சுற்றிய பொம்மையைக் கவனித்தார். அதன் நெஞ்சில் கிடந்த வண்டைப் பார்த்தார். மருமகளின் கையைப் பார்த்தார். கேரியரை அப்படியே தரையில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "இதையா தொட்டே?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் பள்ளி வாசலில் ஊர் கூடிவிட்டது. காப்பு நாளில் பிணத்துச் சாமானை எல்லைக்குள் கொண்டுவந்தது யார், கொண்டுவரச் சொன்னது யார் என்று கேள்விகள். எல்லாப் பார்வையும் தேவகி மேல். அவர் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தணிகாசலம் முகம் வெளிறி வந்து என் பின்னால் நின்றுகொண்டார்.

ஊர்க்கவுண்டர் வந்தார். ஊர்க்கவுண்டர் என்றதும் நரைத்த மீசையை நினைக்காதீர்கள். நாற்பதைத் தாண்டிய ஆள், சொந்தமாக டெம்போ வைத்துச் சாமையும் புளியும் ஏற்றிக் கீழே கொண்டுபோகிறவர். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, சட்டைப் பையில் இரண்டு போன். கூட்டத்தை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே வந்து எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நெசமாவே இது பொணத்து மேல இருந்ததுங்களா?"

"இல்லைங்க. எல்லாம் சாந்துல வார்த்த நகல். சென்னையில செஞ்சது. அசலை நாங்களே பார்த்ததில்லை. எந்தப் பிணத்தையும் இது தொட்டதில்லை. இதோ, சீட்டுலயே நகல்னு போட்டிருக்கோம்."

"ஓ" என்றார். சீட்டைப் படித்தார். அப்புறம் ஜன்னல் வழியாகத் தேவகியைப் பார்த்தார்.

"நர்சம்மா எங்கிட்டயும் சொல்லுச்சுங்க. நேத்தே இவங்க மாமியாருகிட்ட பேசிப் பாத்தேன், அசையல. நானா போன்னு அனுப்பினா, போன வருசம் கோர்ட்டு கேசுக்குப் போய் தங்கணும்னவன வுடல, இவங்கள மட்டும் வுட்டியான்னு ஊரு கேக்கும். அந்தம்மாவும் போவாது." என் பக்கம் திரும்பி, "நீங்க இன்னும் யார்கிட்டயும் இது நகல்னு சொல்லலியே?" என்று கேட்டார்.

"இனிமேத்தான் சொல்லணும்."

"இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. பின்னாலேயே போனேன்.

படிக்கட்டில் நின்று என்னைக் கூப்பிட்டார். ஊர் முன்னால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு கேள்வி.

"அம்மா, நீங்க படிச்சவங்க, உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அந்த நாட்டுல அந்த வண்ட பொணத்தோட நெஞ்சுலதான் வெப்பாங்களா?"

"ஆமாங்க" என்றேன். அது உண்மை.

"அது போதும்" என்று ஊரின் பக்கம் திரும்பினார்.

நான் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்துவிட்டேன். 'ஆனால் இது வெறும் நகல், இதில் தீட்டு எதுவும் இல்லை.' ஆயுள் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. அதைச் சொல்லாவிட்டால் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ஊர் முன்னால் தீட்டுக்காரியாக நிற்பாள். கவுண்டர் என்னை ஒருமுறை பார்த்தார். மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கியது. தீட்டு இல்லை என்று நான் சொன்னால் தேவகி வளையத்துக்குள்ளேயே இருப்பாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

மூடினால் போதுமா? பின்னால் தணிகாசலம் நிற்கிறாரே. தன்னால்தான் இவ்வளவும் என்று மனிதர் உருகிப்போயிருந்தார். பரிகாரமாக வண்டிக்கு ஓடி மைக்கை எடுத்து, "பொதுமக்களுக்கு ஒரு திருத்தம்" என்று ஆரம்பித்தே விட்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு திருத்தத்தை நான் தடுத்தேன். போய் மைக் ஒயரைப் பிடுங்கினேன். "மேடம், உண்மைய சொல்லிடறேன் மேடம்" என்றவரிடம், "வண்டியைத் திருப்பி நிறுத்துங்க, பின்சீட்டுல இருக்கற பெட்டியெல்லாம் எறக்குங்க" என்றேன்.

அதற்குள் கவுண்டர் தீர்ப்பைச் சொல்லி முடித்திருந்தார். பிணத்துச் சாமானைத் தொட்டவர்கள் திருவிழா முடிந்து அம்மன் தண்ணீரில் இறங்குகிற வரை எல்லைக்குள் இருக்கக் கூடாது. அவர்களைத் தொட்டுப் புழங்கிய வீட்டாருக்கும் அதே கட்டு. சாமான் இருக்கிற அறையை அதுவரை பூட்டி வைக்க வேண்டும்.

மாமியார் முன்னால் வந்தார். "எங்கப்பா போறது? தீட்டுன்னா எந்த வூட்டுல சேத்துக்குவாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு தீட்டு கெடையாது அத்தே" என்றார் கவுண்டர். "அங்க போய் இருங்க. இது நீ காப்ப மீறிப் போறது இல்ல. ஊரு அனுப்புது."

"நேந்துக்கினது?"

"உன் வூட்டுப் பொங்கல என் சம்சாரம் வெப்பா. உன் பேர சொல்லித்தான் வெப்பா."

அந்த அம்மா அம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்த பார்வைக்கு இங்கே சீட்டு எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

அமிர்தி சாலை வழியாக மலையிலிருந்து இறங்கினோம். மாமியார் முன்சீட்டில் தணிகாசலத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் தேவகி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். வளைவுகளில் அவர் உடம்பு உருளாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று குனிந்து, "தேவகி, அதுல தீட்டு ஒண்ணும் இல்லம்மா, அது" என்று ஆரம்பித்தேன்.

"நகல்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். "லேபிள் ஒட்டினதே நான்தானே மேடம்." கொஞ்ச தூரம் போனபின், "சத்தமா பேசாதீங்க, அத்தைக்குக் கேட்டுடப் போவுது" என்றார்.

அந்தப் பெண் தலைவலியோடு பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் தன்னைத் தீட்டு என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு, தெரிந்தே பேசாமல் இருந்திருக்கிறாள். நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். அன்றே ஆபரேஷன் ஆகிவிட்டது. ஏற்கெனவே வலிப்பின் விளிம்பில் இருந்தார், மலையிலேயே இருந்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். பெண் குழந்தை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

திருவிழா முடிந்தபின் விட்டுவந்த பொருள்களை எடுக்க மலைக்குப் போனேன். கண்காட்சி இருந்த அறை பூட்டியிருந்தது. கதவில் வேப்பிலைக் கொத்து கட்டி, நிலைப்படியில் மஞ்சள் பூசியிருந்தார்கள். உள்ளே எகிப்தின் கண்ணும் வண்டும் நீர்யானையும், வெளியே நம் வேப்பிலை. அந்த வாசலில் நின்று ரொம்ப நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். நம் அருங்காட்சியகத்தில்கூட எந்தப் பொருளுக்கும் அவ்வளவு பலமான காவல் இருந்ததில்லை.

கவுண்டர் டெம்போவில் புளி ஏற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் செய்தது பெரிய காரியம் என்றேன்.

"நான் இன்னாங்க செஞ்சேன்? தீட்டுன்னா வெளிய அனுப்பணும்ன்றது ஊர்க் கட்டு. அதத்தானே சொன்னேன்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "டீச்சரம்மா வந்தா மஞ்சத்தண்ணி தெளிச்சு சேத்துக்குவோம். அத்தோட செரி. இனிமே ஒரு பேச்சு வராது."

அவரைப்போல ஒரு தலைமையை நான் எந்த அலுவலகத்திலும் பார்க்கவில்லை. கட்டை உடைக்காமல், என்னைப் பொய் சொல்ல வைக்காமல், ஊரின் நம்பிக்கையைக் கேலி பண்ணாமல், ஒரே ஒரு கேள்வியில் அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவந்துவிட்டார். அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, யோசிக்க நேரமே இல்லாதபோது.

நீங்கள் சீட்டில் ஒரு எழுத்துக்கூடப் பொய் எழுதக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் கேட்காததையும் சொல்லித் தீர்ப்பதற்கு முன்னால், எதிரே நிற்கிறவருக்கு அந்த நிமிடம் என்ன நடக்கும் என்று ஒருமுறை பாருங்கள். உங்களுக்குச் சரி என்று பட்டால் அதற்கு நீங்களே பொறுப்பு. என் பெயரைச் சொல்லித் தப்பிக்காதீர்கள்.

பொருள்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேவகி எழுந்து உட்கார்ந்திருந்தார், முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே கொடுத்துவிட்டார்கள். மாமியார் அதைத் துணியில் சுற்றித் தோளோடு அணைத்தபடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"வந்துட்டீங்களா? உங்க பொணத்துச் சாமானாலதாம்மா என் பேத்தி ஊரு எல்லைக்குள்ள பொறக்காம, இங்க மருந்து நாத்தத்துல பொறந்தா. ஆத்தா கிருபை, உசுரோட குடுத்தா. உங்களுக்குலாம் ஒரு வெவஸ்த வாணாமா, எதை எங்க எடுத்துனு போறதுன்னு?"

திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலில் இருந்து தேவகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, தப்புதான்" என்றேன்.

அந்த அம்மா இன்னும் கொஞ்சம் திட்டினார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க நிறைவாக இருந்தது. திட்டி முடித்து, துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தை எனக்குக் காட்டினார். நான் கையை நீட்டினேன்.

"அங்க கொழாய் கீது" என்றார். "கைய நல்லா சோப்பு போட்டு கழுவிட்டு வந்து வாங்கிக்கோங்க."

போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டேன்.